பெயர் எழுதிய அட்டை: ஓர் இத்தாலியப் படமும் நியூ டவுன் அரங்கும்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுத வீடு வீடாகப் போன அலுவலர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. வாசலில் வந்து நின்ற பெண் தன் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று எழுதிக்கொள்ளும்படி சொன்னார். வட மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் நிலைமை. மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்து நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென், அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்க மறுத்துவிட்டார். ஏறத்தாழ 8 கோடி பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரசியல் சட்டம் அவர்களுக்கு வாக்குரிமை கொடுத்திருந்தது. ஊரறியச் சொல்லத்தக்க பெயரை வீடு அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை.

2023-இல் வெளிவந்த ஓர் இத்தாலியப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கணக்குத்தான். பவோலா கோர்தெல்லேசி இயக்கி, தலைமைப் பாத்திரத்திலும் நடித்த அந்தப் படத்தின் பெயர் 'சே அங்கோரா தொமானி'. 'நாளை இன்னும் இருக்கிறது' என்று பொருள். 1946-ஆம் ஆண்டு ரோம் நகரில் தேலியா என்ற தொழிலாளி வீட்டுப் பெண் தன் பெயருக்கு வந்த ஒரு தபாலை ஒளித்துவைப்பதுதான் கதையின் முடிச்சு.

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் எழுந்திருக்கும் நியூ டவுன் போன்ற புதுநகரத்தில் இப்படத்தைக் குடியிருப்போர் கூடித் திரையிடுவதற்கு என்ன பொருள் இருக்க முடியும்? படத்தின் வரலாறு, வாக்குரிமையின் வரலாறு, கொல்கத்தாவில் வேரூன்றிய திரைப்படச் சங்கங்களின் வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு விடை கிடைக்கிறது. காகிதத்தில் இருக்கும் உரிமை, தன்னைப் போன்றவர்கள் பலர் என்று ஒரு பெண் கண்ணால் காணும்போதுதான் கைக்கு வருகிறது. படத்தின் கடைசிக் காட்சி காட்டுவது இதைத்தான். நல்ல சமூகத் திரையிடல் செய்ய வேண்டியதும் இதைத்தான். ஆகவே என்ன படம் என்பதைப் போலவே, அரங்கின் நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியமாகிறது.

கடிதம் என்று நாம் நினைத்தது

தேலியாவின் நாள் கணவன் இவானோ கன்னத்தில் விடும் அறையோடு விடிகிறது. அதன்பின் அவள் மூன்று பிள்ளைகளுக்கும் படுக்கையில் கிடக்கும் மாமனாருக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறாள், உள்ளாடைகளைத் தைத்துக் கொடுக்கிறாள், துணி துவைக்கிறாள், குடைக் கடையில் குடை பழுதுபார்க்கிறாள். அந்தக் கடைக்குப் புதிதாக வந்த பையனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அவனுக்குத் தன்னைவிட அதிகக் கூலி ஏன் என்று கேட்டால், அவன் ஆண் என்பதே பதிலாக வருகிறது. சம்பாதித்ததைக் கணவனிடம் கொடுக்கிறாள். கொஞ்சத்தை மட்டும் மகள் மார்செல்லாவின் கல்யாண உடுப்புக்காக ஒளித்துவைக்கிறாள்.

கோர்தெல்லேசி இந்தக் கதையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். தொடக்கக் காட்சிகள் பழைய படங்களின் சதுரமான சட்டகத்தில் வருகின்றன. பிறகு திரை அகலமாகிறது. 'ரோம், திறந்த நகரம்' (1945), 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) முதலான நவயதார்த்தப் படங்களுக்கு அவர் செய்யும் மரியாதை அது. ஆனால் அந்தப் படங்கள் போகத் தயங்கிய சமையலறைக்குள் இவர் போகிறார். கணவன் அடிக்கும் முக்கியமான காட்சியொன்றை நடனமாக அமைத்திருக்கிறார். கழுத்தில் காயம் தோன்றி, பாட்டின் தாளத்தோடு மறைந்தும் விடுகிறது. வன்முறையை வேடிக்கையாக்கும் உத்தி இது என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. தினமும் நடப்பதால் சடங்காகிப்போன ஒன்றை, அதன் மனப்பாடமான அசைவுகளோடு காட்டுகிறார். அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் வெளியேற்றப்படுகிறார்கள். அண்டை வீட்டார் அறிந்தும் அறியாதவர்களாக இருக்கிறார்கள். மாமனார் மகனுக்குச் சொல்லும் புத்திமதி இன்னும் கொடியது. அடிக்கடி அடித்தால் பழகிப்போய்விடும் என்பது அவருடைய கவலை.

இந்த வீட்டுக்குள்தான் அந்தத் தபால் வருகிறது. தேலியாவுக்குப் பழைய காதலன் ஒருவன் இருக்கிறான். கார் பழுதுபார்க்கும் நீனோ, வடக்கே போகப்போகிறேன், நீயும் வா என்று அழைத்திருக்கிறான். அவள் தபாலைக் கசக்கி எறிகிறாள், மறுபடி எடுத்து ஒளித்துவைக்கிறாள், தனக்கென்று ஒரு சட்டை தைத்துக்கொள்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதற்குச் சாக்குகளைத் தேடுகிறாள். ஓடிப்போகப் போகிறாள் என்றே நாம் நினைக்கிறோம். அந்த ஞாயிறு மாமனார் இறந்துபோகிறார். வீடு துக்கம் விசாரிக்க வந்தவர்களால் நிறைகிறது. அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. அப்போதுதான் படத்தின் தலைப்பு அவள் வாயில் வருகிறது: நாளை இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை அவள் ஓடுவது காதலனிடம் அன்று. அது 1946 ஜூன் 3. இத்தாலியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த தேசியத் தேர்தலின் இரண்டாம் நாள். ஒளித்துவைத்த தபாலில் இருந்தது அவள் பெயர் எழுதிய வாக்காளர் அட்டை. அவசரத்தில் அதை வீட்டிலேயே தவறவிட்டுவிடுகிறாள். கணவன் அதைப் பார்த்துவிட்டுத் துரத்திவருகிறான். கூட்டத்துக்குள் புகுந்து அந்த அட்டையைத் தாயின் கையில் சேர்ப்பவள் மகள் மார்செல்லா. அம்மா ஏன் வீட்டைவிட்டுப் போகாமல் அடிவாங்கிக்கொண்டு கிடக்கிறாள் என்று அதுவரை அவமானப்பட்டுக்கொண்டிருந்த பெண் அவள்.

நம்மையும் இயக்குநர் இங்கே சோதித்துவிடுகிறார். ஒரு பெண் ரகசியமாகக் கடிதம் வைத்திருந்தால் அது காதல் கடிதமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியவர்கள் நாம்தான். ஒரு குடிமகளாக அவளுக்கும் ஒரு ரகசிய ஆசை இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றவேயில்லை.

வரிசையில் நின்ற ரோம்

படத்தின் பின்னாலுள்ள வரலாறு துல்லியமானது. 1945 பிப்ரவரி 1-ஆம் தேதியிட்ட ஆணை ஒன்று இத்தாலியப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. தேர்தலில் நிற்கும் உரிமைக்கு இன்னும் ஓராண்டு ஆயிற்று. 1946 மார்ச்சில்தான் அது வந்தது. அதே மாதம் உள்ளாட்சித் தேர்தல்கள் தொடங்கின. ஜூன் 2, 3 ஆகிய நாள்களில் மன்னராட்சியா குடியரசா என்ற பொதுவாக்கெடுப்பும் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலும் சேர்ந்தே நடந்தன. வாக்களித்த பெண்கள் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர். ஆண்களைவிடச் சுமார் 10 லட்சம் அதிகம். மொத்த வாக்குப்பதிவு 89 சதவீதம். சுமார் 1.27 கோடி வாக்குகள் குடியரசுக்கும் சுமார் 1.07 கோடி வாக்குகள் மன்னராட்சிக்கும் விழுந்தன.

வாக்குச்சீட்டை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டியிருந்ததால், உதட்டுச்சாயம் பட்டால் வாக்கு செல்லாமல் போகலாம், ஆகவே பெண்கள் சாயமில்லாமல் வாருங்கள் என்று அக்காலப் பத்திரிகை அறிவுறுத்தியது. தேலியாவும் மற்றப் பெண்களும் வாக்குச்சாவடியில் உதட்டைத் துடைத்துக்கொள்வது அந்தச் செய்தியிலிருந்து பிறந்த காட்சி. அலங்காரமாக இருந்த உதடு ஒரு நொடியில் குடியுரிமையின் கருவியாகிவிடுகிறது.

556 பேர் கொண்ட அந்த நிர்ணய சபைக்கு 21 பெண்கள் தேர்வானார்கள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற பிரிவில், பால் வேறுபாடின்றி என்ற சொற்களைச் சேர்க்கப் போராடி வென்றவர் அவர்களில் ஒருவரான லீனா மெர்லின். இருந்தும் அந்தச் சொற்கள் வீட்டுக் கதவைத் தாண்ட ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. மனைவியின் பிறன்தொடர்பை மட்டும் குற்றமாக்கிய சட்டப்பிரிவை அரசியல் சாசன நீதிமன்றம் 1968-இல் நீக்கியது. விவாகரத்துச் சட்டம் 1970-இல் வந்தது. அதை ஒழிக்கக் கோரி 1974-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். கணவனே குடும்பத் தலைவன் என்ற ஏற்பாடு 1975-இல் முடிவுக்கு வந்தது. மானத்துக்காகச் செய்த கொலைக்குத் தண்டனையைக் குறைத்த பிரிவும், வன்புணர்ந்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் குற்றத்திலிருந்து விடுபடலாம் என்ற பிரிவும் ஒழிந்தது 1981-இல். வன்புணர்வு, ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம் என்ற நிலையிலிருந்து மனிதருக்கு எதிரான குற்றம் என்ற நிலைக்கு வந்ததோ 1996-இல். தேலியா கையில் அட்டையோடு நின்ற காலையிலிருந்து எண்ணினால் 50 ஆண்டு.

படம் 2023 அக்டோபர் 26 அன்று இத்தாலியில் வெளியானது. கறுப்பு வெள்ளையில் எடுத்த ஓர் அறிமுக இயக்குநரின் படத்தை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த ஆண்டு இத்தாலியில் அதிக வசூல் பெற்ற படம் அதுவே. 'பார்பி', 'ஓப்பன்ஹைமர்' இரண்டும் அதற்குப் பின்னால்தான் நின்றன. 2024-இல் நாட்டின் உயரிய திரைவிருதான தாவித் தி தொனாத்தெல்லோ விழாவில் 6 விருதுகள் பெற்றது. படம் அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, நவம்பரில், 22 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் அவருடைய முன்னாள் காதலனால் கொல்லப்பட்டார். நவம்பர் 25 அன்று லட்சக்கணக்கானோர் ரோமில் திரண்டார்கள். பள்ளி மாணவர்களுக்கென்று படம் நாடெங்கும் திரையிடப்பட்டது. 77 ஆண்டுக்கு முந்தைய கதை அன்றைய செய்தியாகிவிட்டது. 2025 நவம்பர் 25 அன்று, பெண் என்பதற்காகவே பெண்ணைக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கி ஆயுள் தண்டனை விதிக்கும் சட்டத்துக்கு இத்தாலிய நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

வங்கமும் சென்னையும் இலங்கையும்

இதை ஐரோப்பாவின் கதை என்று ஒதுக்கிவைக்க நம்மால் முடியாது. நம் ஊர்களில் வாக்குரிமைக் கோரிக்கை அதைவிட முன்பே எழுந்தது. 1917-இல் அடையாறில் பெண்கள் இந்திய சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னைக்கு வந்திருந்த இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாண சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். சொத்தும் வரித் தகுதியும் உள்ள மிகச் சிலருக்கே அது பயன்பட்டது என்றாலும் கதவு திறந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் அந்த அவையின் துணைத் தலைவராகவே ஆனார்.

வங்கம் தயங்கியது. 1921-இல் அங்கே அதே கோரிக்கை தோற்றது. கவிஞர் காமினி ராய், குமுதினி மித்ரா, மிருணாளினி சென் முதலானோர் வங்கீய நாரி சமாஜம் என்ற அமைப்பை உருவாக்கிப் போராடினார்கள். 1923-இல் கொல்கத்தா மாநகராட்சித் தேர்தலில் வாக்கும், 1925-இல் மாகாண சட்டமன்றத்துக்கான வாக்கும் கிடைத்தன. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையில் இன்னொரு பழைய பாலமும் உண்டு. ரொக்கேயா சகாவத் ஹொசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கற்பனைக் கதை 1905-இல் அச்சேறியது சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில். ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் சூரிய ஆற்றலைக் கொண்டு நாடாளும் உலகம் அது. ஆறு ஆண்டு கழித்து ரொக்கேயா கொல்கத்தாவில் இஸ்லாமியச் சிறுமிகளுக்குப் பள்ளி திறந்தார்.

இலங்கையில் 1931-இலேயே, இத்தாலிக்கு 14 ஆண்டுக்கு முன், டொனமூர் சீர்திருத்தத்தின் வழியாகப் பெண்கள் உள்ளிட்ட அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார். ஆனால் அதே தீவில் 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களும் வாக்கை இழந்தார்கள். கொடுத்த அட்டையைப் பிடுங்கவும் முடியும் என்பதற்கு நம் மொழி பேசும் பெண்களே சாட்சி.

இந்தப் பின்னணியில் சுகுமார் சென்னின் முடிவை மறுபடி யோசித்துப் பார்க்கிறேன். 28 லட்சம் பெண்களை நீக்கியது கடுமையான செயல். அந்தத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லாமல் போயிற்று. எனினும் இன்னாரின் மனைவி என்ற பதிவை அன்று ஏற்றிருந்தால், குடியரசின் முதல் ஆவணமே பெண்ணை இன்னொருவரின் பொருளாக எழுதிவைத்திருக்கும். 2025 நவம்பரில் மேற்கு வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இந்தப் பழைய கேள்வி வேறு உருவில் வந்தது. பழைய பட்டியலில் தம் பெயரோ, இல்லாவிட்டால் பெற்றோரின் பெயரோ இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். கல்யாணமாகி ஊர் மாறி, வீட்டுப்பெயர் மாறிய பெண்ணுக்கு அந்தத் தேடல் ஆணுக்கு இருப்பதைவிடத் தொலைவானது. தேலியா ஒளித்துவைத்த அட்டை 1946-இன் நினைவுப்பொருள் மட்டும் என்று வங்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

கூடிப் பார்த்தவர்கள்

இத்தாலியப் படத்துக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள உறவு புதிதும் இல்லை. 1947-இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலானோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1950-இல் லண்டன் போன ராய் அங்கே 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தார். தெருவிலும் சாதாரண முகங்களிலும் படமெடுக்க முடியும் என்ற உறுதியோடு திரும்பிவந்து 'பதேர் பாஞ்சாலி'யை (1955) எடுத்தார். 1952-இல் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாய், டெல்லி, சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கு இத்தாலியப் படங்களைக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒரு பெயர் அம்மு சுவாமிநாதன். இந்திய அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர், சென்னையின் பிரதிநிதி. 1959 டிசம்பரில் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு ராயைத் தலைவராகக் கொண்டு உருவானபோது அதன் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். கூட்டமைப்பின் இணைச் செயலாளர்களில் ஒருவர் விஜயா முலே என்ற பெண். அரசியல் சட்டம் எழுதிய கையொன்று திரைப்பட இயக்கத்துக்கும் தோள் கொடுத்ததைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. இருட்டில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்ப்பதும், பிறகு விளக்கைப் போட்டு அதைப் பற்றிப் பேசுவதும் குடிமக்கள் செய்யும் வேலை என்று அந்தத் தலைமுறை நம்பியது.

அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லையும் இருந்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்தினர். அந்த எல்லையை உடைக்க முயன்றவர்கள் உண்டு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-இல் நண்பர்களோடு கேரளத்தில் ஒடெஸா என்ற குழுவை அமைத்தார். ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு மக்களிடம் சிறுகாசு திரட்டியே 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தார்கள். உறுப்பினர் அட்டை இல்லாத பார்வையாளரைத் தேடிப் போனது அந்தக் குழு.

நியூ டவுனில் யார் உட்காருவார்கள்?

நியூ டவுன், ராஜார்ஹாட்டின் வயல்களையும் மீன்குட்டைகளையும் எடுத்துக் கட்டப்பட்ட நகரம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய நில எடுப்பு பற்றி ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ரணபீர் சமாதார், இஷிதா தே, சுஹித் சென் மூவரும் 2013-இல் வெளியிட்ட ராஜார்ஹாட் பற்றிய நூல் அவற்றுள் முக்கியமானது. இன்று அங்கே ஆக்‌ஷன் ஏரியா என்று எண்ணிட்ட பகுதிகளில் அடுக்குமாடிகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் நிற்கின்றன. நடுநடுவே ஜாத்ராகாச்சி, கௌராங்கநகர் போன்ற பழைய குடியிருப்புகளும் இருக்கின்றன. பண்பாட்டுக்கென்று ரவீந்திர தீர்த்தமும், 2014-இல் திறந்த நஸ்ருல் தீர்த்தமும் உண்டு. பூச்சில்லாத கான்கிரீட்டில் எழுந்த நஸ்ருல் தீர்த்தத்தில் திரையரங்கமும் இருக்கிறது. கொல்கத்தா சர்வதேசத் திரைப்பட விழாவின் படங்கள் அங்கேயும் காட்டப்படுகின்றன. 1925-இல் 'பெண்' என்ற தலைப்பில் ஆண் பெண் சமத்துவத்தைப் பாடிய காஜி நஸ்ருல் இஸ்லாமின் பெயர் தாங்கிய இடம். தேலியாவின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கூரை இருக்காது.

அந்தக் கூரையின் கீழ் யார் இருப்பார்கள்? வழக்கமான விடை நமக்குத் தெரியும். ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், ஐடி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்கள் வருவது நல்லதே. அடி வாங்கும் வீடு அடுக்குமாடியின் எந்தத் தளத்திலும் இருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறையை எப்போதேனும் சந்தித்தவர்கள் இந்தியாவில் 29 சதவீதம், மேற்கு வங்கத்தில் 27 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். இத்தாலியின் புள்ளியியல் நிறுவனம் 2014-இல் செய்த ஆய்வில், 16 முதல் 70 வயதுப் பெண்களில் 31.5 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளானதாகச் சொன்னார்கள். இரண்டு ஆய்வும் கேட்ட கேள்விகள் வேறு. எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் எந்த நாடும் இன்னொன்றைப் பார்த்து இரக்கப்படும் நிலையில் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது அதே இந்திய ஆய்வின் இன்னொரு விடை. ஏதாவதொரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆண்களில் 44 சதவீதம். பெண்களில் 45 சதவீதம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் நாடு இது. தேலியாவின் வீட்டில் தாளத்தோடு வந்த அடி இங்கே மனதுக்குள் சட்டமாகவே குடியேறியிருக்கிறது.

இப்போது அந்த நாற்காலிகளை மறுபடி பார்ப்போம். தேலியா செய்யும் வேலைகளை நியூ டவுனில் செய்பவர் யார்? விடிவதற்குமுன் எழுந்து தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு, சுற்றுப்புறக் குடியிருப்புகளிலிருந்து நடந்தும் டோட்டோ என்ற மின்சார ரிக்‌ஷாவிலும் வந்து, நான்கைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, சமைத்து, முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண். வங்காளத்தில் அவரைக் 'காஜேர் மாஷி' என்கிறார்கள். 'காஜ்' என்றால் வேலை; 'மாஷி' என்றால் அம்மாவின் சகோதரி. சித்தி என்று அழைக்கும் அன்பு அந்தச் சொல்லில் உண்டு. ஆனால் அவருடைய சொந்தப் பெயருக்கு அதில் இடமில்லை. முதல் பொதுத்தேர்தலுக்கு முன் வாசலில் நின்று பெயர் சொல்லாத பெண்ணும், இன்று பெயர் கேட்கப்படாத இந்தப் பெண்ணும் எவ்வளவு அருகில் நிற்கிறார்கள்! மேற்கு வங்கத்தின் வீட்டுப் பணியாளர் அமைப்பான கிருஹ பரிசாரிகா சமிதி நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2018-இல்தான் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. அவர்கள் கேட்டது கூலியும் விடுப்பும். அதற்கும் முன்னால் தொழிலாளி என்ற பெயர்.

ஆகவே தேலியாவின் கதையைத் தேலியாக்கள் இல்லாத அரங்கில் காட்டினால், அது அயல்நாட்டுத் துயரத்தை ரசிக்கும் ஒரு மாலையாக முடிந்துபோகும். குடைக் கடையில் கூலி கேட்கும் காட்சியில் நெளிய வேண்டியவர்களும் நிமிர்ந்து உட்கார வேண்டியவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்தால், அப்போதுதான் அது சமூகத் திரையிடல்.

அதற்குச் சில தடைகளை நாம்தான் எடுக்க வேண்டும். முதல் தடை மொழி. இத்தாலிய வசனத்துக்கு ஆங்கிலத் துணைத்தலைப்பு என்றால் அழைப்பிதழிலேயே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டோம். மௌனப்பட காலத்தில் திரைக்கு அருகே நின்று கதையை விளக்க ஒருவர் இருந்தார். வேகமாக எழுத்துக்கூட்ட முடியாதவர்களும் அவர் குரலை நம்பிப் படம் பார்த்தார்கள். தெளிவான வங்காளக் குரல் ஒன்று இன்றும் அதைச் செய்ய முடியும். தேலியாவின் கதையில் பேச்சு குறையும் இடங்கள்தாம் கனமானவை. விளக்குபவர் அங்கே மௌனமாக இருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். இரண்டாவது, வாயில். வளாகக் காவலரிடம் பதிவேட்டில் கையெழுத்திட்டு, பணியாளர் மின்தூக்கியில் ஏறிப் பழகியவர், முன்வாசல் வழியாகத் தயங்காமல் உள்ளே வரவேண்டும். அழைப்பைக் கொடுக்கும்போதே அவர் பெயரைக் கேட்டு எழுதினால் அந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

படம் முடிந்த பிறகு

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த ஒரு பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 இரவு, சுதந்திர தினத்துக்கு முந்தின நள்ளிரவில், இரவைக் கைப்பற்றுவோம் என்ற அறைகூவலோடு கொல்கத்தாவின் முனைகளிலும் மாநிலமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த இரவைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் படத்தின் கடைசிக் காட்சி அந்நியமாக இராது. வாக்களித்துவிட்டு வெளியே வரும் தேலியாவைப் பிடிக்க இவானோ படிக்கட்டின் கீழே நிற்கிறான். அவள் பின்னால் மற்றப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். ஒருவரும் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மூடிய உதடுகளோடு எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் பின்வாங்குகிறான்.

அவன் அன்றிரவு திருந்திவிட்டான் என்று படம் சொல்வதில்லை. தேலியா அதே வீட்டுக்குத்தான் திரும்பிப்போக வேண்டும். மாறியது ஒன்றுதான்: வீட்டுக்குள் அவள் ஒருத்தி, படிக்கட்டில் அவர்கள் பலர் என்பது அவனுக்கும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. கல்யாண உடுப்புக்குச் சேர்த்த பணத்தை அவள் மகளின் படிப்புக்கென்று விட்டுவந்திருக்கிறாள். அடுத்த 50 ஆண்டில் இத்தாலியில் மாறிய சட்டங்களுக்குப் பின்னால், அப்படிப் படித்த மகள்கள் இருந்தார்கள்.

நியூ டவுனில் இந்தத் திரையிடலுக்கு ஒரு நாளும் நேரமும் சொல்லச் சொன்னால், நான் ஜனவரி 25-ஐச் சொல்வேன். 2011 முதல் அது தேசிய வாக்காளர் தினம். நேரம், பிற்பகல் 2 மணி. காலை வீடுகளின் வேலை முடிந்து, மாலை வீடுகளின் வேலை தொடங்காத இடைவெளி அது. அந்தப் பெண்கள் கால் நீட்டிச் சற்றே உட்காரும் நேரம். படம் 118 நிமிடம் ஓடும். 4 மணிக்கு விளக்கைப் போட்டால், மாலை வேலைக்குப் புறப்படுமுன் பேசுவதற்கு அரை மணி நேரம் மிஞ்சும். அந்த அரை மணி நேரத்தில் ஒலிவாங்கியை முதலில் பின்வரிசைக்குக் கொடுங்கள். பேச எழுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும்.